கருத்தரங்கு முடிந்து ஊருக்கு வந்தாயிற்று, அப்புறம்? நாடகக்காரர்கள் குறிப்புகளைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு வழி

எங்கள் குழுவில் பதினான்கு பேர். பாதிப் பேர் வேலூர், மீதிப் பேர் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று இருக்கிறார்கள். சென்னையிலோ புதுச்சேரியிலோ மூன்று நாள் நாடகக் கருத்தரங்கு என்று அழைப்பு வந்தால் அதிகம் போனால் இரண்டு பேர் போவோம். மற்றவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒருவருக்கு ராணிப்பேட்டையில் ஷிஃப்ட், ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருக்கிறவர்களுக்குப் பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் பாரதக் கூத்து, ராத்திரி ராத்திரி ஆட்டம். போகிற இரண்டு பேருக்கு வண்டிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எல்லாரும் சேர்ந்துதான் போடுகிறோம். அப்படியிருக்க, அங்கே கேட்டது முழுக்க அந்த இரண்டு பேருடைய நோட்டுக்குள்ளேயே கிடந்தால் அது நியாயமாகாது. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்ததுதான்: குறிப்பை வர முடியாமல் போனவருக்காக எடுங்கள், அவருக்காக எழுதுங்கள், அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.

முதலில் நான் செய்த தவறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, பத்து நாள் உட்கார்ந்து, 22 பக்கத்துக்கு அழகாகத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டை விரல்கள் வந்தன, கைகூப்பல்கள் வந்தன. மூன்று வாரம் கழித்து ஒத்திகையில் எங்கள் லைட் தம்பி கேட்டார், "அண்ணா, அங்க லைட்டப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" அது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அவர் படிக்கவில்லை என்று எனக்குச் சுருக்கென்றிருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து அந்த ஒன்பதாம் பக்கத்தை அவர் கண்ணால் படித்துப் பார்த்தேன். 'ஒளி நடிகரின் உடலைச் செதுக்குகிறது' என்று எழுதியிருந்தேன். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் கட்டிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிற ஒருவர் இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எந்த விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று, தாமதம். குறிப்பைத் தள்ளிப் போட்டால் அது எவ்வளவு தூரம் தள்ளிப் போகும் என்பதற்கு நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1956-இல் சங்கீத நாடக அகாதெமி தில்லியில் நாடகத்துக்காக ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தியது. விடுதலைக்குப் பிறகு இந்திய நாடகம் எந்தப் பக்கம் போவது என்று பல மொழிக்காரர்கள் உட்கார்ந்து பேசிய இடம் அது. அங்கே படித்த கட்டுரைகள் நூலாக வந்தது 2007-இல். ஐம்பத்தொரு வருஷம். அகாதெமிக்கே அப்படி என்றால், 'அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதலாம்' என்று நாம் சொல்லிக்கொள்வது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பேசியவர் சொன்னது. வலப்பக்கம் 'இது யாருக்கு?' என்று மட்டும். நம் குழு ஆட்களின் பெயரை எழுதுங்கள், 'நடிகர்களுக்கு' என்று பொதுவாக எழுதாதீர்கள். லைட் தம்பிக்கு, ஆரணி வாத்தியாருக்கு, தையல் பார்க்கும் அக்காவுக்கு, இப்படி. யார் பெயரும் தோன்றவில்லை என்றால் வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். சாயங்காலம் பார்க்கும்போது ஒரு அமர்வு முழுக்க வலப்பக்கம் காலியாக இருந்தால் அதை ஊருக்குச் சுமந்துகொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை, நீங்கள் ரசித்தீர்கள், அது போதும்.

பேசுபவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதிய இடத்தில் மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கிய இடத்தில் போடாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இரண்டு மாதம் கழித்து எது அவர் சொன்னது, எது நாம் நினைத்தது என்று நமக்கே தெரியாமல் போகும். அப்புறம் அவர் தலையில் நம் கருத்தைக் கட்டிவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

கரும்பலகையையோ திரையில் ஓடிய படத்தையோ போட்டோ எடுத்தால், எடுத்த உடனே அதன் கீழ் ஒரு வரி எழுதிவிடுங்கள். வெறும் போட்டோ நாற்பது இருந்தால் அது குறிப்பு ஆகாது.

ரயிலில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது

சென்ட்ரலில் இருந்து காட்பாடி ஏறக்குறைய 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். சாயங்கால ஏலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் தூங்கத்தான் தோன்றும். தயவுசெய்து அரக்கோணம் வரைக்குமாவது தூங்காதீர்கள். போன இரண்டு பேரும் நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்க்காமல் எது வாயில் வருகிறதோ அதுதான் உங்களை உண்மையிலேயே தொட்டது. அதிலிருந்து மூன்றே மூன்று விஷயங்களைப் பொறுக்குங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வேன், ஏனென்றால் மூன்று விஷயத்தை ஒரு குழு ஒரு மாதத்தில் செய்து பார்க்க முடியும், பதினைந்தைப் பார்க்கவே முடியாது.

பொறுக்கிய ஒவ்வொன்றையும் மூன்று நிமிடத்துக்கு மிகாமல் குரல் பதிவாக, சம்பந்தப்பட்டவரின் தனி எண்ணுக்கு அனுப்புங்கள். குழுவில் போட்டால் பொதுவாகப் போய்விடும், பெயர் சொல்லித் தனியாக வந்தால் மனிதர் கேட்பார். "தம்பி, உங்களுக்காக ஒண்ணு கேட்டுக்கிட்டு வந்தேன்" என்று தொடங்குகிற குரலை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். எங்கள் ஜமா ஆட்களில் சிலருக்கு எழுத்தை விடக் குரல்தான் வசதி. வாலாஜா ரோடு தாண்டுவதற்குள் மூன்று பதிவும் போய்விட வேண்டும், வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும்.

ஒரு வரியை வேலையாக மாற்றுவது

இதுதான் இந்த விஷயத்தின் உயிர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த லைட் தம்பி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒளியமைப்பு அமர்வில் பேசியவர் மெக்கேண்ட்லெஸ் முறையைச் சொன்னார். ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைப் பாடமாகக் கற்றுக்கொடுத்தவர், 1932-இல் தன் முறையை நூலாகவும் எழுதினார். நடிகருக்கு முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொன்றும் பக்கவாட்டில் 45 பாகை, உயரத்தில் 45 பாகை, ஒன்று இளஞ்சூடான நிறம், இன்னொன்று குளிர்ச்சியான நிறம். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் லேசான நிழலும் போல விழுவதால் முகம் தட்டையாகத் தெரியாது. என் நோட்டில் இது '45, 45, சூடு, குளிர்' என்று ஒரே வரியாக இருந்தது.

இரண்டாம் முறை எழுதும்போது அதே வரியை இப்படி எழுதினேன். முகம் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஸ்டாண்டு 11 அடி ஏறும். வித்தியாசம் 6 அடி. 45 பாகை என்றால் உயர வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும், அதாவது தரையில் அளந்தால் 6 அடி. அந்த 6 அடியையும் மூலைவாக்கில் அளக்க வேண்டும்: நடிகர் நிற்கும் புள்ளியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடு, அங்கிருந்து முன்னால் நாலேகால் அடி, அங்கிருந்து வலப்பக்கம் நாலேகால் அடி, அங்கே ஒரு ஸ்டாண்டு. இடப்பக்கம் அதே போல இன்னொன்று. ஒரு எல்இடி பாரில் அம்பர் கலந்த வெள்ளை, மற்றதில் வெள்ளையோடு துளி நீலம். இது ஒருவர் நிற்கிற இடத்துக்கு மட்டும். தூரம் தள்ள வேண்டுமென்றால் ஸ்டாண்டும் அந்த அளவுக்கு உயர வேண்டும்.

எட்டு வரிதான். அன்றைக்கே தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் அளந்துவிட்டார். அளந்துவிட்டு அவர் சொன்னது எனக்குக் கருத்தரங்கில் கிடைக்காத பாடம். "அண்ணா, மண்டபத்துல சரி. ஊர்ல ஜனங்க களரிய ஒட்டித் தரையில உக்காருவாங்க, நாலு அடியில ஸ்டாண்டு நின்னா பின்னாடி இருக்குற ஆயா எப்படிப் பார்க்கும்?" அதனால் ஊரில் களரியில், அதாவது கூத்து ஆடும் இடத்தில், ஆடும்போது ஸ்டாண்டை இன்னும் பக்கவாட்டில் ஒதுக்க வேண்டும் என்றார். அப்புறம் சிவப்பு அரிதாரம் பூசிய வேஷத்துக்கு நீலம் போடவே கூடாது, சிவப்பு கறுத்துப் போய் முகமே தெரியாது என்றார். அது உண்மை, நீல ஒளியில் சிவப்புச் சாயத்துக்குத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. அந்த இரண்டு வரியையும் அதே தாளில் கீழே அவர் பெயர் போட்டு எழுதிவிட்டோம்.

ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படிக்கிறவர் எழுந்து நின்று கையால் அல்லது குரலால் செய்ய ஒன்று இருக்கிறதா? அளவு, எண்ணிக்கை, நேரம், எந்தச் சாமான், எந்த வரிசை. இவை இல்லாவிட்டால் அது இன்னும் நோட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

கூடி உட்காரும் நாள்

திரும்பி வந்த ஏழு நாளுக்குள் ஒரு கூட்டம் வைத்துவிடுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம். கோடை என்றால் ஐந்தரை மணிக்கு மேல், ஏனென்றால் வேலூர்ச் சித்திரை வெயிலில் நாலு மணிக்கு மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. குடியாத்தம், ஆரணிக்காரர்கள் திரும்பிப் போக பஸ் வேண்டும், எனவே எட்டு மணிக்கு முடிந்துவிட வேண்டும். கூத்து சீசன் என்றால் ஜமா ஆட்கள் ராத்திரி ஆடிவிட்டுப் பகலில் தூங்குவார்கள், அவர்களுக்காக ஆட்டம் இல்லாத நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு கூட்டத்தை அதற்கு நகர்த்துங்கள். அவர்களை விட்டுவிட்டு நடத்தினால் மறுபடியும் வர முடியாதவரை வராதவராக ஆக்குகிறோம்.

கூட்டத்தில் பேச்சு வேண்டாம். போய் வந்தவர் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். மீதி நேரம் மூன்று விஷயத்தையும் செய்து பார்ப்பது. இந்தப் பக்கத்தில் கலை எப்போதுமே இப்படித்தான் கை மாறியிருக்கிறது. பழைய வட ஆற்காட்டில் செய்யாறு பக்கம் இருக்கிற புரிசையில் கண்ணப்ப தம்பிரான் வாத்தியார் இருந்தார். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவின் நடிகர்கள் அவரிடம் கூத்துப் பயின்றார்கள். அடவை எழுதிக் கொடுத்துக் கற்றுக்கொள்ள முடியாது, பக்கத்தில் நின்று காலை வைத்தால்தான் வரும். கருத்தரங்கில் கேட்டதும் அதே மாதிரிதான்.

குரல் பயிற்சி ஒன்றை நாங்கள் அப்படித்தான் செய்து பார்த்தோம். டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா, நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல் அகலம் இறங்கியிருக்க வேண்டும். 'ஊ' என்று குரலோடு ஊத வேண்டும், குமிழி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும், தாழ்ந்த சுருதியிலிருந்து மெதுவாக மேலே போய் மறுபடி கீழே வர வேண்டும், ஐந்து நிமிடம். இங்கோ டிட்ஸ் என்ற குரல் ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது. குறுகிய வழியில் காற்று போவதால் உள்ளே ஒரு எதிரழுத்தம் உண்டாகி, குரல் நாண்கள் ஒன்றோடொன்று கடுமையாக மோதாமல் அதிர்கின்றன. ஆரணி வாத்தியார் முதலில் சிரித்தார். "இன்னாப்பா, மூணு நாள் உக்காந்து இத்தத்தான் கேட்டுகினு வந்தீங்களா?" என்றார். அப்புறம் ஸ்ட்ராவை வாங்கி ஊதினார். நாங்கள் எல்லாரும் பத்து வினாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க அவர் டம்ளரில் மட்டும் தண்ணீர் ஒரே மாதிரி கொதித்துக்கொண்டே இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், இன்றைக்கும் விடிய விடிய உச்ச சுருதியில் பாடுகிறவர். சின்ன வயதில் தன் வாத்தியார் விடியற்காலையில் கிணற்றுக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திப் பாட வைப்பார் என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷம் அவரோடு பழகியும் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. கருத்தரங்குக் குறிப்பு ஒரு சாக்காக இருந்து, நம் வீட்டுக்குள்ளேயே இருந்ததை வெளியே எடுத்துக் கொடுத்தது. இப்போது ஆட்டத்துக்கு முன்னால் அரிதாரம் காயும் நேரத்தில் இளையவர்கள் ஸ்ட்ரா ஊதுகிறார்கள்.

இதற்காகவே ஒவ்வொரு குறிப்பின் கீழும் நாலு வரி காலி இடம் விடுங்கள். கேட்டவர் என்ன திருப்பிச் சொன்னார் என்பதற்கு அந்த இடம்.

கேட்காமல் கொடுக்கக் கூடாதவை

இதில் கண்டிப்பாக இருங்கள். நம் ஆட்களில் பலருக்கு, வீடியோ எடுத்து யூடியூபில் போட்டால் கலைக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்வின் மேல் உரிமை கொடுக்கிறது, அது 50 ஆண்டு நிற்கும். நிகழ்த்துபவர் என்ற சொல்லுக்குள் நடிகர், பாடகர், ஆடுபவர், பாம்பாட்டி வரைக்கும் வருகிறார்கள், விரிவுரை ஆற்றுகிறவரும் வருகிறார். அதாவது கருத்தரங்கு மேடையில் பேசியவருக்கும் அந்த உரிமை உண்டு. சொந்தமாகப் போட்டுப் பார்க்கவும், நல்லெண்ணத்தோடு கற்பிக்கவும் ஆராயவும் மட்டும் பதிவு செய்வதற்குச் சட்டம் இடம் விடுகிறது. எல்லாரும் பார்க்கப் பொதுவில் ஏற்றுவது வேறு, அதற்கு அவரிடம் கேட்டாக வேண்டும்.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஒரு பட்டறையில் மூத்த கூத்துக் கலைஞர் ஒருவர் துகிலுரிதல் பகுதியைச் செய்து காட்டினார். களரியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடுவார். பட்டறையிலும் அவர் அப்படியே செய்தார். யாரோ அதைப் போனில் எடுத்து, கற்பூரத்தை வெட்டிவிட்டுச் சேலையை இழுக்கிற முப்பது வினாடியை மட்டும் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பெரியவர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சாமிய வெட்டிப்புட்டு என்னை மட்டும் எதுக்குப்பா காட்டுனாங்க?" எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் இல்லை. கூத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து எழுதினாலும், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் இல்லை என்றால் அந்தத் துண்டையே எடுக்காதீர்கள்.

ஒரு உத்தியைச் சொன்னவர் பெயரை எப்போதும் போடுங்கள். குறைகளைச் சொன்னவர் பெயரை எப்போதும் எடுத்துவிடுங்கள். சம்பளம் வரவில்லை, ஒத்திகையில் ஒருவர் தவறாக நடந்துகொண்டார், மானியம் நின்றுவிட்டது என்று டீ குடிக்கும்போது சொன்னதெல்லாம் நம்பிச் சொன்னது. லண்டனில் 1927-இல் சாத்தம் ஹவுஸ் என்ற நிறுவனம் இதற்கென்றே ஒரு விதி வைத்தது: கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. நம் வட்டம் சின்னது, 'ஆற்காடு பக்கம் ஒரு பெண் நடிகர்' என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும், எனவே ஊரையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். கருத்தரங்குகளில் கூத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பேசப்படுகிறவர்கள் பல நேரம் அந்த அறையில் இருப்பதில்லை. அவர்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். தெருக்கூத்து என்று சொல்வதா, கட்டைக்கூத்து என்று சொல்வதா என்று ஒரு அமர்வு முழுக்க நடந்தது. காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், வேஷத்தில் கட்டுகிற கட்டைகளை, அதாவது மர அணிகளை, வைத்து அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது. இதை ஜமாவில் சொன்னபோது ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, சிலர் கட்டைக்கூத்து என்றால் மரியாதை என்றார்கள், மிருதங்கக்காரர் "நமக்குக் கூத்துதான், முன்னாடி எதையும் ஒட்ட வேணாம்" என்றார். அந்த வாக்குவாதத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்.

தாளும் போனும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதினதை ஏ4 தாள் ஒன்றில் இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடியுங்கள், நாலு பக்கச் சிறு நூல் ஆகிவிடும். எழுத்து 14 புள்ளி இருக்கட்டும், மூத்தவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். டிடிபி கடையில் அடித்தால் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டால் அதைப் போனில் ஒட்டும்போது கோணல் மாணலாக வரும், தேடினாலும் கிடைக்காது. குரலில் சொல்லித் தட்டச்சு செய்யும் வசதி போனில் இருக்கிறது, வேகமாக வேலை முடியும், ஆனால் அடவு, களரி, முகவீணை போன்ற நம் சொற்களை அது கண்டபடி மாற்றிவிடும், அதனால் ஒரு முறை சத்தமாகப் படித்துத் திருத்துங்கள்.

கரும்பலகைப் போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து எழுத்து மங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் முதலில் வருஷம், மாதம், அப்புறம் விஷயம். போன் மாற்றினால் பழையது பல பேருக்குப் போய்விடுகிறது, அதனால் தாளில் ஒரு பிரதி கண்டிப்பாக வேண்டும். எங்களிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது, ஒவ்வொரு தாளையும் அதில் ஒட்டுகிறோம். கூத்து வாத்தியார்கள் தங்கள் பாட்டையும் வசனத்தையும் நோட்டில் எழுதி வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினோம்.

சரிப்படாததையும் எழுதுங்கள்

கருத்தரங்கில் கேட்டது எல்லாம் நமக்குப் பொருந்தாது. தொண்ணூறு நிமிடம் உடற்பயிற்சி செய்துவிட்டுத்தான் ஒத்திகை என்று ஒருவர் சொன்னார். அவருடைய நடிகர்கள் முழுநேரக்காரர்கள். எங்கள் ஆட்கள் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வாரம் முயன்றோம், பத்தாம் நாள் நாலு பேர் வரவில்லை. பதினைந்து நிமிடமாகச் சுருக்கினோம், அது நிற்கிறது. இதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருஷம் போகிறவர் அதே யோசனையை மறுபடி கொண்டுவந்து அதே நாலு பேரை இழப்பார். 'செய்தோம், இத்தனை நாள் செய்தோம், இதனால் நிறுத்தினோம்' என்று மூன்று வரி போதும். சொன்னவர் மேல் குறை சொல்ல வேண்டாம், அவருடைய இடத்தில் அது சரியாகவே இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

நாள்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை வட்டமிடுங்கள். அன்றைக்கு யாருக்கெல்லாம் குரல் பதிவு அனுப்பினீர்களோ அவர்களுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அன்னைக்குச் சொன்னேனே, அதை இப்போ செய்யுறீங்களா?" இல்லை என்றால் ஏன் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஆம் என்றால் எப்படி மாற்றிக்கொண்டார் என்று கேளுங்கள், கண்டிப்பாக மாற்றியிருப்பார்.

அந்த விவரங்களோடு தாளை ஒரு பிரதி எடுத்து, முதலில் அதைச் சொன்னவருக்கே அனுப்புங்கள். கருத்தரங்கு முடிந்து கிளம்பும் முன்பே அவரிடம் முகவரியோ எண்ணோ கேட்டு வாங்கிவிடுவது நல்லது. எங்கள் லைட் தம்பியின் தாளை அந்த ஒளியமைப்பாளருக்கு அனுப்பினோம். ஊரில் ஸ்டாண்டு எங்கே நிற்கும், தரையில் உட்காருகிறவர்களுக்கு எவ்வளவு தூரத்தில் மறைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். தம்பி மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு, ஆட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு ஊருக்குப் போய், முதல் வரிசை ஆயாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்துவிட்டு வந்தார்.